வேர்ச்சொல் வழியாகக் கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்க முடியுமா?

முடியும். வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு நான் அப்படித்தான் படித்தேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதுபோல முதலில் இருநூறு வேர்களை மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் சொற்களுக்குப் போகலாமா என்றால், தயவுசெய்து வேண்டாம். முதல் ஒரு மாதம் நான் அதைத்தான் செய்தேன், சொற்பட்டியல் போதாதென்று லத்தீன் வேர்ப் பட்டியலும் தலையில் ஏறியதுதான் மிச்சம்.

தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். இன்ஸ்பெக்டர் என்ற சொல் தெரியாதவர் நம் ஊரில் உண்டா? நடுவில் இருக்கும் 'ஸ்பெக்ட்' பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர், 'இன்' என்றால் உள்ளே. உள்ளே புகுந்து பார்க்கிறவர். வேடிக்கை பார்க்கிறவர் ஸ்பெக்டேட்டர், பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ரோஸ்பெக்ட், தனக்குள் பார்ப்பது இன்ட்ரோஸ்பெக்‌ஷன். இந்த வரிசையில் சர்கம்ஸ்பெக்ட் என்று ஒன்று வரும். பட்டியலில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மறந்துபோகும். 'சர்கம்' என்றால் சுற்றி, ஆகவே சுற்றும் முற்றும் பார்த்து எச்சரிக்கையாக நடப்பவர். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு" என்று பாட்டி சொன்னது இதைத்தானே என்று தோன்றிய நாளிலிருந்து அது மறக்கவே இல்லை. இதே வேர் சில இடங்களில் 'ஸ்பிக்' என்று திரியும்: பளிச்சென்று கண்ணில் படுவது கான்ஸ்பிக்யுவஸ்.

இப்படித் திரிவது நமக்குப் புதிதில்லை. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 'இல்லை' என்ற பொருளில் வரும் 'இன்', பாசிபிள் முன்னால் 'இம்' ஆகிறது, லீகல் முன்னால் 'இல்', ரெகுலர் முன்னால் 'இர்'. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், எல்லாம் புணர்ச்சிதான்.

ஆனால் பிரிக்கும் இடம் தவறினால் எல்லாம் போச்சு. தாமரையைத் தா, மரை என்று பிரித்தால் பூ போய் தாவுகிற மான் வந்துவிடும் இல்லையா, அதே கதைதான். ஒரு மாதிரித் தேர்வில் எனர்வேட் என்ற சொல் வந்தது. எனர்ஜி மாதிரி ஒலிக்கிறதே என்று 'உற்சாகமூட்டு' என்ற விடையைக் குறித்தேன். பொருள் நேர் எதிர். 'எ', 'நெர்வ்' என்று பிரிக்க வேண்டும். 'எ' என்பது வெளியே என்று பொருள் தரும் 'எக்ஸ்' தேய்ந்தது, 'நெர்வ்' நரம்பு. நரம்பை உருவினால் ஆள் துவண்டுவிடுவான், எனர்வேட் என்றால் துவளச் செய்வது. அதிலிருந்து காதுக்குக் கேட்பதை நம்பி எதையும் பிரிப்பதில்லை, அகராதியில் சொற்பிறப்பு வரியைப் பார்த்துவிடுவேன். மெரியம் வெப்ஸ்டர் இணைய அகராதியில் பொருளுக்குக் கீழேயே இலவசமாக இருக்கிறது.

இன்னொரு பொறி 'பெட்' (ped). பெடஸ்ட்ரியன் (நடந்து போகிறவர்), பெடல் இரண்டிலும் லத்தீன் வேர், பொருள் பாதம். பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்), பெடகாஜி (கற்பிக்கும் கலை) இரண்டிலும் கிரேக்க வேர், பொருள் குழந்தை. நோட்டில் இவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

அப்புறம், பொருள் காலப்போக்கில் நகர்ந்துவிட்ட சொற்களில் வேர் பாதி தூரம்தான் வரும். எக்ரீஜியஸ் என்பதற்கு வேர்ப்பொருள் மந்தையிலிருந்து விலகி நிற்பது. ஒரு காலத்தில் அது பாராட்டு, இன்று படுமோசமான தவறைச் சொல்லும் சொல். இதை வேர் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும். 2011-ல் ஜிஆர்இ-யை மாற்றியமைத்தபோது எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சொல்லைக் கேட்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் வேரோடு சேர்த்து, நீங்கள் செய்தியிலோ கட்டுரையிலோ நிஜமாகப் படித்த ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.