போய்ப் போய்த் திரும்பும் படர்தாமரை

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. ஒன்பது மாதங்களாகத் தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் படர்தாமரை இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகப் படர்கிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. இரத்தத்தில் ஏதேனும் கோளாறா, டாக்டர்?
- வாசகர், திருப்பூர்

பதில்: கோளாறு இரத்தத்தில் இருப்பதைவிட அந்தக் களிம்பில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். டியூபின் மேல் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பை அது அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் தணிகின்றன. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையோ தடையின்றி வளர்கிறது. வட்டமான ஓரம் மங்கி, பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்ல முடியாத உருவத்துக்கு நோய் மாறிவிடுவதும் உண்டு. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். அது முற்றிலும் மறையாது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற விதியிருந்தும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதுதான் கடைகளில் நடக்கிறது.

தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். படையின் நடுப்பகுதியை விட்டு, பூஞ்சை உயிர்ப்போடு இருக்கும் ஓரத்தில் மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். செதில் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. ஆகவே நுண்ணோக்கியில் அது கிளைவிட்ட நூல்போலத் தனித்துத் தெரியும். செலவும் நேரமும் அதிகம் பிடிக்காத இந்தப் பரிசோதனையைப் பலரும் செய்துகொள்வதேயில்லை. பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். சிகிச்சைக்குக் கட்டுப்படாத நிலையில் அது தேவைப்படும்.

உங்களைப் போல விரிவாகப் படர்ந்தவர்களுக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். முன்பு டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு நோய் நன்றாகக் கேட்டது. 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட, இந்தியாவில் இப்போது பரவலாகக் காணப்படும் பூஞ்சை பலரிடம் அந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. அதனால் இட்ராகோனசோல் அதிகம் எழுதப்படுகிறது. அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையோடு சேர்த்தால் உடலில் சரியாக ஏறாது. இதய பலவீனம், கல்லீரல் நோய் உள்ளவர்களும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டை நிறுத்திய சில நாட்களில் அரிப்பு கூடலாம். அப்போது பழைய டியூபைத் தேடிப் போகாதீர்கள். மருத்துவர் தரும் புதிய களிம்பைப் படையின் விளிம்பைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை தடவி, தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடருங்கள். மனைவிக்கும் அதே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனியாக இருந்து, வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். சாயப்பட்டறையில் நனைந்த உடையோடு நாள் முழுவதும் நிற்க நேரும் என்பதால், மாற்று உடை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறது. இது கரும்பூஞ்சையாக மாறுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாறாது. சேற்றுப்புண் பெரும்பாலும் தோலின் மேலடுக்கோடு நிற்கும் பூஞ்சையால் வருவது. 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு பலரைத் தாக்கிய கரும்பூஞ்சை வேறு இனம். பெரும்பாலும் மூக்கு வழியே நுழைந்து, இரத்தக் குழாய்களை அடைத்து, திசுவைச் சாகடிக்கும். கறுப்பாகத் தெரிவது பூஞ்சையல்ல, அந்த இறந்த திசு. அதற்கு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் அவசரமாகச் செய்து, ஆம்ஃபோட்டெரிசின்-பி என்ற பூஞ்சை எதிர்ப்பு ஊசியோடு அறுவை சிகிச்சையும் செய்வார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காத நிலையில் முகத்தில் ஒருபக்க வீக்கம், மூக்கில் கறுப்புக் கசிவு, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்களுக்கு இப்போதைய கவலை வேறு: விரலிடுக்கு வெடிப்பு வழியே பாக்டீரியா புகுந்தால் கால் முழுவதும் வீங்கிவிடக்கூடும். ஆகவே குளித்தபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்தி, மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள்.