செப்டம்பர் 30-க்குள் வண்டியை எடுத்தே ஆகணுமா?

(2025 செப்டம்பரில் ஒரு தம்பிக்கு எழுதிய பதில் இது. இதில் வரும் 7,500 டாலர் வரிச்சலுகை அந்த மாதம் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.)

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் கோயம்புத்தூரிலிருந்து எச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சி வந்திருக்கிறீர்கள். பிளெய்ன்ஸ்பரோவில் வாடகை அபார்ட்மென்ட். ஆகஸ்டில் 250 டாலர் கட்டி, கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் டாலர் எலக்ட்ரிக் வண்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டீர்கள். இப்போது ஷோரூமிலிருந்து தினம் மெசேஜ் வருகிறது: "26-ஆம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள், 30 தாண்டினால் 7,500 டாலர் போச்சு." மனைவி நவம்பரில்தான் வருகிறார். அவர் வரும்வரை பொறுக்கவா, இப்போதே டெலிவரி எடுத்துவிடவா என்று கேட்கிறீர்கள்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் அக்கா மாதிரியே சொல்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் லோன் வட்டி இருக்கிறது, கலர் இருக்கிறது, வீல் சைஸ்கூட இருக்கிறது. ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், அங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பது ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கேள்வியே.

சரி, உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற தேதியை முதலில் பார்த்துவிடலாம். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தால், அந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் வண்டிக்கு அமெரிக்க மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை கிடையாது. இது உண்மை. ஆனால் "வாங்கும்" என்பதற்கு வரித்துறை சொல்லும் அர்த்தம் வேறு. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தமும், அதற்கு ஏதாவது முன்பணமும் 30-ஆம் தேதிக்குள் முடிந்திருந்தால் போதும், வண்டி பிறகு கைக்கு வந்தாலும் சலுகை உண்டு என்று ஆகஸ்டில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) விளக்கம் கொடுத்துவிட்டது. ஷோரூம் தம்பி இதைச் சொல்ல மாட்டார். செப்டம்பர் 30 அவர்களுக்குக் காலாண்டுக் கணக்கு முடிகிற நாளும்கூட. அவருக்கு அவர் டார்கெட். நம் ஊர் ஆடித் தள்ளுபடியில் கடைசி ஞாயிற்றுக்கிழமை தி.நகர் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இந்த வாரம் இங்கே எல்லா ஷோரூமும் இருக்கிறது.

நீங்கள் கட்டிய 250 டாலர் ஆர்டர் பணம் அந்த மாதிரி ஒப்பந்தமாக எண்ணப்படுமா என்பதை மட்டும் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் "ஆமா சார், ஆமா சார்" என்பது எடுபடாது. விற்பனை நடந்ததும் டீலர் ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் ஓர் அறிக்கை பதிவு செய்ய வேண்டும், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரித் தாக்கலில் படிவம் 8936 வைக்கும்போது அது தேவைப்படும். சலுகையை விலையிலேயே கழித்துக்கொண்டாலும் இந்தப் படிவம் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வருமானம் மூன்று லட்சம் டாலருக்குள், தனியாகச் செய்தால் ஒன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கழித்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஏப்ரலில் வந்தவர், இந்த ஆண்டு வரியே 7,500 வருமோ வராதோ என்று பயப்படுகிறீர்கள் அல்லவா, அதற்கு பயம் வேண்டாம். டீலரிடமே கழித்துக்கொண்டால், உங்கள் வரி அதைவிடக் குறைவு என்பதற்காகத் திருப்பிக் கேட்பதில்லை.

ஆக, 7,500 உண்மையான பணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வருகிற வழியிலேயே எவ்வளவு போகிறது என்றும் பாருங்கள். நான் 2022-ல் எலக்ட்ரிக் வண்டி எடுத்தபோது நியூ ஜெர்சியில் அதற்கு விற்பனை வரியே இல்லை. 2024 அக்டோபரில் பாதி வரி போட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து முழு வரி, 6.625 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு 3,300 டாலர் அங்கேயே போயிற்று. பெட்ரோல் போடாததால் ரோடு வரி கட்டுவதில்லை என்று எலக்ட்ரிக் வண்டிக்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் வேறு வைத்திருக்கிறார்கள். 2024-ல் 250 டாலரில் ஆரம்பித்தது, ஆண்டுக்குப் பத்து டாலர் ஏறும். புது வண்டி என்றால் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து முதலிலேயே கறந்துவிடுவார்கள், ஆயிரத்துக்கு மேல். இதையெல்லாம் ஷோரூம் ஸ்கிரீனில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். "சார்ஜ் அப் நியூ ஜெர்சி" என்று மாநிலத் தள்ளுபடி ஒன்று உண்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்தால் மூடிவிடுவார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீடு எடிசன் ஊரில், கராஜ் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடுகிற மாதிரி 240 வோல்ட் லைன் இழுத்தோம். ராத்திரி பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு வந்து வண்டியில் செருகினால், காலையில் காபி போடும்போது சார்ஜ் ஏறியிருக்கும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் போட்டால்கூட பத்து மணி நேரத்தில் முப்பத்தைந்து, நாற்பது மைல் ஏறும். ஆபீஸ் போய்வர அதுவே போதும். இந்த வசதி இருக்கிறவர்களுக்கு எலக்ட்ரிக் வண்டி சொகுசு. நான் இனி பெட்ரோல் வண்டிக்குத் திரும்ப மாட்டேன்.

வசதி இல்லாதவர்கள் கதையை என் தங்கை வீட்டில் பார்த்தேன். அவளும் அபார்ட்மென்ட்தான், மூன்றாவது மாடி. எங்களைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தாள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, கோடைக்காலம். ஜனவரியில் ஒரு ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு போன் பண்ணினாள். மால் பார்க்கிங்கில் பாஸ்ட் சார்ஜர் வரிசையில் ஏழாவது ஆளாக நிற்கிறாள், பின்சீட்டில் குழந்தை தூங்குகிறான், அடுத்த நாள் ஸ்கூல். குளிரில் வண்டி மெதுவாகத்தான் ஏற்றிக்கொள்கிறது, சூடு போட்டால் இருக்கிற சார்ஜும் இறங்குகிறது. வாராவாரம் இப்படி. நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போடக்கூடாது என்பது 1949-லிருந்து சட்டம், பங்க் பையன் வந்து போட்டுவிட்டுப் போவான், நாம் கண்ணாடியைக்கூட முழுசாக இறக்க வேண்டாம். அந்த ராஜ வாழ்க்கையை விட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பாம்பு மாதிரி விறைத்துப்போன கேபிளோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அவள் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும். பதினான்கே மாதத்தில் விற்றுவிட்டாள். விற்ற விலையைச் சொல்லி உங்கள் மனதைக் கெடுக்கவில்லை.

பணக் கணக்கும் அங்கேதான் கவிழ்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுவீர்கள் என்று வையுங்கள். ஒரு யூனிட் கரண்டில் 3.3 மைல் போகும் என்றால் சுமார் 3,600 யூனிட் வேண்டும். 2025 ஜூனில் இங்கே வீட்டுக் கரண்ட் கட்டணம் 17 முதல் 20 சதவீதம் வரை ஏறியது. அதற்குப் பிறகும் எங்கள் பில்லில் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 22 சென்ட் மாதிரி வருகிறது. அப்படியானால் ஆண்டுக்கு 800 டாலர். அதே 3,600 யூனிட்டையும் பாஸ்ட் சார்ஜரில் 48 சென்ட்டுக்கு ஏற்றினால் 1,700-க்கு மேல் போகும். ஒரு கேலனுக்கு 45 மைல் கொடுக்கிற ஹைப்ரிட் (பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த) வண்டிக்கு, பெட்ரோல் கேலன் 3.10 டாலர் என்று வைத்தாலும், 830 டாலர்தான். அதாவது வீட்டில் சார்ஜ் போட முடிந்தால் ஹைப்ரிட்டோடு சரிக்குச் சரி, முடியாவிட்டால் இரண்டு மடங்கு செலவு. ஆயில் மாற்றுகிற செலவு இல்லைதான், ஆனால் வண்டி கனம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். என் முதல் செட் முப்பதாயிரம் மைல் தாண்டவில்லை.

தூரப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகலாம், நாங்கள் போகிறோம். பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு இங்கிருந்து கிட்டத்தட்ட 330 மைல். மே மாதம் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிட்டது. அதே வழியில் டிசம்பரில் மாமியாரை அழைத்துக்கொண்டு போனபோது மூன்று இடம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையில் மலை ஏற ஏற, ஸ்கிரீனில் சதவீதம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் ஹீட்டரைக் குறைத்தார். மாமியார் சால்வைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, "திருநெல்வேலியிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போயிருக்கேன், இவ்வளவு நிறுத்தம் இல்லே" என்றார். புளியோதரை தீர்வதற்குள் போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் ஆறுதல். குளிர்காலத்தில் கம்பெனி சொல்கிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், உங்கள் நிலைமையில் எனக்கு இன்னொரு உறுத்தல். நீங்கள் வந்து ஐந்து மாதம். கிரெடிட் ஸ்கோர் இப்போதுதான் முளைக்கிறது, அதனால் வட்டி அதிகம் போட்டிருக்கிறார்கள். அதையும் 72 மாதத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். எலக்ட்ரிக் வண்டி முதல் இரண்டு மூன்று ஆண்டில் விலை சரிகிற வேகம் அதிகம். நடுவில் வண்டியை விற்க வேண்டி வந்தால், விற்ற பணம் லோனை அடைக்கப் போதாது. வேலை போனால், வேறு வேலை பார்க்கவோ ஊருக்குக் கிளம்பவோ எச்-1பி-க்கு 60 நாள் அவகாசம். அந்த அறுபது நாளில் வேலை தேடுவீர்களா, கையை விட்டுக் காசு போட்டு காரை விற்பீர்களா? நல்லதே நடக்கட்டும், ஆனாலும் 2008-லும் 2023-லும் நடந்த ஆட்குறைப்பை இங்கே இருந்து பார்த்தவள் நான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் லீஸ் (மாதத் தவணை கட்டி வாடகைக்கு எடுப்பது) கணக்கையும் இந்த வாரமே கேளுங்கள். லீஸில் அந்த 7,500 சலுகை லீஸ் கம்பெனிக்குப் போய், பெரும்பாலும் மாதத் தவணையில் குறைத்துக் கொடுப்பார்கள். உங்கள் வருமான வரம்பு அதற்குப் பொருந்தாது. அதுவும் 30-ஆம் தேதியோடு முடிகிறது. மூன்று ஆண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம், விலை சரிவது அவர்கள் தலைவலி. மைல் வரம்பை மட்டும் பாருங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு என்பதையும் டெலிவரிக்கு முன்பே விசாரியுங்கள். கோயம்புத்தூரில் பத்து ஆண்டு ஓட்டியது இங்கே பெரும்பாலும் கணக்கில் வராது, புது ஓட்டுநர் என்று தீட்டிவிடுவார்கள். மாதம் 300 டாலர் என்று கேட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மனைவி வரட்டும் என்கிற காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. தினமும் ஓட்டப்போகிறவர் அவராக இருக்கலாம், அதைவிட நவம்பருக்குப் பிறகு வேறு அபார்ட்மென்டுக்குக்கூட மாறுவீர்கள். அதற்காக வண்டியே இல்லாமல் பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டு மாதம் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். காய்கறிக்கே கார் வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். நாளைக் காலை உங்கள் அபார்ட்மென்டை வாடகைக்கு விடுகிற ஆபீஸுக்குப் போங்கள். குடியிருப்பவர்களுக்கு சார்ஜர் இருக்கிறதா, எத்தனை, எத்தனை வீட்டுக்கு, யூனிட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள். ஆபீஸில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆபீஸ் சார்ஜரை மட்டும் நம்பாதீர்கள், அது வேலையோடு போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தரம் இறங்கிப்போய் அந்த சார்ஜர்கள் காலியாக இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பகலில் எல்லாம் காலியாகத்தான் இருக்கும். இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் 26-ஆம் தேதி எடுத்துக்கொள்ளுங்கள், லீஸாக இருந்தால் இன்னும் நிம்மதி. கிடைக்காது என்றால் அந்த 250 டாலரை விட்டுவிட்டு, மூன்று நான்கு வயதான ஹைப்ரிட் ஒன்றை எடுங்கள். வீடு வாங்கும்போது எலக்ட்ரிக் பார்த்துக்கொள்ளலாம், சலுகை போனபின் கம்பெனிகள் இதே விலையில் வைத்து விற்க முடியாது என்பது என் கணிப்பு.

எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு விஷயம். பகல் நேரம் கேளுங்கள். நான் எடுத்தது டிசம்பர் மாதக் கடைசி வாரம், மாலை ஐந்து மணி, இருட்டு, மழை. பதினைந்து நிமிடத்தில் போனில் கையெழுத்து, சாவி, கைகுலுக்கல், அவ்வளவுதான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அது மாதிரி எதையும் பார்க்கவில்லை. அடுத்த நாள் வெயிலில் பார்த்தால் பின்கதவு ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கீறல், டிக்கி மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன் பண்ணினால், "நீங்கள் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். டிக்கியைச் சரி செய்து கொடுத்தார்கள், கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன்பு சுற்றிவந்து வீடியோ எடுங்கள். கதவு இடைவெளிகளில் விரலை ஓட்டிப் பாருங்கள், கண்ணாடி, நான்கு வீல், மைல் மீட்டர் எல்லாம் பாருங்கள். பேப்பரில் உள்ள வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அங்கேயே சார்ஜரில் செருகி ஏறுகிறதா என்று பாருங்கள். சார்ஜ் கேபிள் வண்டியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், நாங்கள் முதல் இரவு அது இல்லாமல்தான் கராஜில் முழித்துக்கொண்டு நின்றோம்.