3,500 டாலர் வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவி. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லொரேன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகம் எங்களுக்குப் பாடம். கருப்பொருள், பாத்திரப் படைப்பு, ஆசிரியரின் நோக்கம் என்று மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மூன்றும் கலந்துவிடுகின்றன. எப்படிப் பிரிப்பது?

வால்டர் நல்லவனா கெட்டவனா என்று வகுப்பில் பெரிய சண்டை. லீனா அம்மாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி நினைவு வருகிறது. தாத்தா இறந்த பிறகு வீட்டையே தாங்கியவர் அவர்தான். அதனால், ‘நிறத்தையும் ஊரையும் எடுத்துவிட்டால் இது எந்த வீட்டிலும் நடக்கும் கதை, இனப் பிரச்சினை வெறும் மேல்பூச்சு’ என்று கட்டுரையில் எழுதினேன். பேராசிரியர் பாராட்டினார். நான் எழுதியது சரிதானா? நல்ல உரைநூல் இருந்தாலும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உரைநூல் வேண்டாம். நாடகத்தையே இன்னும் இரண்டு முறை படியுங்கள். வால்டர் நல்லவனா கெட்டவனா என்ற சண்டையையும் விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவனைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டு கிடந்தது. அம்மா போன பிறகு பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிகாகோவின் தென்பகுதியில் ஒரு நெரிசலான வாடகை வீடு. அதில் ஒரு கறுப்பினக் குடும்பம், ஐந்து பேர்: கணவனை இழந்த லீனா, அவள் மகன் வால்டர், மகள் பெனீத்தா, வால்டரின் மனைவி ரூத், அவர்கள் பிள்ளை டிராவிஸ். குளியலறை வெளியே, அண்டை வீட்டாரோடு பொது. சிறுவன் டிராவிஸுக்குப் படுக்கை கூடத்து சோபா. பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு ஐம்பது சென்ட் கொண்டுபோக வேண்டும் என்கிறான். தாய் ரூத், ‘இல்லை’ என்கிறாள். தகப்பன் வால்டர், மனைவியைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து ஐம்பது சென்ட் எடுத்துக் கொடுக்கிறான். போதாததற்கு இன்னொரு ஐம்பது சென்ட். பழம் வாங்கித் தின்னு, இல்லாவிட்டால் டாக்ஸியில் போ என்கிறான். பிள்ளை குதித்துக்கொண்டு ஓடுகிறான். சற்று நேரத்தில், வேலைக்குப் புறப்பட்ட வால்டர் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறான். அவனுக்குப் போக்குவரத்துக் காசு வேண்டும். அவனே ஒரு பணக்காரரின் கார் ஓட்டுநர். ரூத் அவனைப் பார்க்கிறாள், முகம் இளகுகிறது, ஐம்பது சென்ட்தானே, இந்தா, டாக்ஸியில் போ என்று காசைக் கொடுக்கிறாள்.

என்னுடைய பத்தாவது வயதில் பள்ளிக்கூடத்தில் இரண்டு ரூபாய் கேட்டார்கள். அம்மா இல்லை என்றாள். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அப்பாவுக்குத் தாராள மனசு, அம்மாவுக்குக் கைவராது என்று நான் அன்றைக்கு முடிவுகட்டினேன்; அந்த முடிவோடுதான் நாற்பது வருஷம் இருந்தேன். போன மாதம் அந்த நோட்டில் அந்த நாளின் பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலில், சாய்ந்த எழுத்தில்: ‘பள்ளிக்கூடம் ரூ.2. அவருக்கு பஸ் ரூ.1. பால் 4 நாள் நிறுத்தம்.’ எங்கள் வீட்டில் காலையில் எல்லோருக்கும் காபி இருந்தது. அந்த நான்கு நாளும் எங்களுக்கு இருந்தது. யாருக்கு இல்லாமல் போனது என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

ரூத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. உங்கள் வகுப்பில் வால்டருக்காகச் சண்டை போட்ட அத்தனை பேரும் அவளைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதைக் கலைத்துவிடலாம் என்று ஒரு பெண்ணிடம் ஐந்து டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டாள். வால்டர் அதுவரை ஒன்றும் அறியாமல், சொந்தமாக மதுக்கடை வைக்கும் கனவில் இருக்கிறான். இல்லை என்று சொல்ல வேண்டிய வேலை அந்த வீட்டில் அவளுக்கு விழுந்திருக்கிறது. இதில் கருப்பொருள் எது, பாத்திரம் எது, நோக்கம் எது என்று எந்தக் கத்தியால் பிரிப்பீர்கள்? உங்களுக்கு எழுதும்போது மூன்றும் கலந்துவிட்டால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தேர்வுக்குத் தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு மூன்று பதிலிலும் அதையே எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நீங்கள் எழுதியது தவறு. பாராட்டிய பேராசிரியரும் தவறு. நிறத்தையும் ஊரையும் எடுத்துவிட்டால் இந்தக் கதையே நடக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உழைத்து உழைத்தே செத்த கணவனின் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் லீனாவின் கைக்கு வருகிறது. அதில் 3,500-ஐ அவள் வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறாள். மீதி 6,500-ஐ வால்டரிடம் கொடுத்து, 3,000-ஐ பெனீத்தாவின் மருத்துவப் படிப்புக்குப் போட்டு வை, மிச்சத்தை உன் பெயரில் வைத்துக்கொள் என்கிறாள். மிச்சம் எவ்வளவு? 3,500. வீட்டுக்கு எவ்வளவோ அவ்வளவே மகனுக்கும். அந்த அம்மாள் தாளில் எழுதிக் காட்டவில்லை, வாய்விட்டும் சொல்லவில்லை. கூரையும் மகனும் தனக்கு ஒரே எடை என்று தொகையால் சொல்லிவிட்டாள். அதில் ஒரு டாலர்கூட வங்கிக்குப் போகவில்லை. தங்கை பங்கையும் சேர்த்து முழுவதையும் மதுக்கடைக் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாந்து வந்து நிற்கிறான் வால்டர். அவனை நல்லவன் கெட்டவன் என்று தராசில் வைப்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். வெள்ளையர்கள் மட்டும் வசிக்கும் கிளைபோர்ன் பார்க்கில் போய் லீனா ஏன் வீடு வாங்கினாள்? போராடவா? புரட்சி செய்யவா? இல்லை. கறுப்பினத்தவருக்கென்று தூரத்தில் கட்டிவிட்டிருக்கும் வீடுகள் மற்ற வீடுகளைப் போல் இரண்டு மடங்கு விலை சொல்கின்றன. இருக்கும் பணத்துக்குக் குடும்பத்துக்கு நல்லதாக ஒன்று பார்த்தேன் என்கிறாள். அவ்வளவுதான் காரணம். சந்தைக்குப் போன குடும்பப் பெண் சொல்லும் காரணம். அந்த இரண்டு மடங்கு விலையை எழுதிவைத்தது யார்? நிறம்தானே? அதை மேல்பூச்சு என்று சுரண்டி எடுத்துவிட்டால் வீட்டின் விலை மாறிவிடும். விலை மாறினால் லீனா வேறு தெருவில் வாங்கியிருப்பாள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரால் லிண்ட்னர் என்ற அந்த மரியாதையான மனிதர் வந்து, எங்கள் பக்கம் வராமலிருக்கப் பணம் தருகிறோம் என்று சொல்லவும் வேண்டியிருக்காது. அவர் வராவிட்டால் நாடகத்துக்கு மூன்றாவது அங்கம் ஏது?

ஹான்ஸ்பெரி இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937-இல் சிகாகோவில் அப்படி ஒரு வட்டாரத்தில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பத்திரம் எழுதிவைத்திருந்த இடம். கும்பல் கூடியது, எறிந்த கல் ஒன்று சிறுமி லொரேன்மீது பட இருந்து தப்பியது. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் துப்பினார்கள், அடித்தார்கள். தந்தை நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருக்க, தாய் இரவு முழுவதும் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நான்கு பிள்ளைகளைக் காத்து நடந்தார் என்று லொரேன் பின்னாளில் எழுதினார். 1940-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அது வழக்கு நடந்த முறையைப் பற்றிய தீர்ப்புதான். அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று ஆனது 1948-இல், வேறொரு வழக்கில். அதற்குள் கார்ல் ஹான்ஸ்பெரி இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

நாடகம் 1959 மார்ச்சில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஏறியது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் அங்கே அரங்கேறியது அதுவே முதல் முறை. அப்போதும் சிலர் உங்களைப் போலவேதான் பாராட்டினார்கள்: இது கறுப்பினத்தவர் நாடகம் அல்ல, எல்லோருக்குமான நாடகம் என்று. அந்த ஆண்டு வானொலிப் பேட்டியாளர் ஸ்டட்ஸ் டெர்க்கல் எடுத்த பேட்டியில் இதைக் கேட்டபோது, எல்லோருக்குமானதைப் படைக்க வேண்டுமானால் குறிப்பான ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று ஹான்ஸ்பெரி பதில் சொன்னார். இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதுப் பெண் சொன்ன பதில் அது. முப்பத்து நான்கு வயதில் புற்றுநோயில் போய்விட்டார். இன்னும் எவ்வளவோ எழுதியிருக்க வேண்டியவர்.

உங்கள் பாட்டி நினைவுக்கு வந்தது தவறே இல்லை. அந்த நினைவு வராவிட்டால் நீங்கள் நாடகத்தைப் படித்தே பயனில்லை. ஆனால் லீனாவின் சிகாகோவை உரித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டியை உட்காரவைக்காதீர்கள். பாட்டிக்கும் ஒரு விலை இருந்திருக்கும்: எந்த ஊர், எந்தத் தெருவில் வீடு கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை, தாத்தாவின் பணம் எவ்வளவு வந்தது, யார் கேட்டார்கள், யாருக்கு இல்லை என்றார். பாட்டி இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். தாங்கினார் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். லீனாவையும் தியாகத் தாய் என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். கடவுள் இல்லை என்று பேசிய மகளைக் கன்னத்தில் அறைந்து, என் அம்மாவின் வீட்டில் இன்னும் கடவுள் உண்டு என்று திருப்பிச் சொல்லவைத்தவள் அவள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அதே முதல் காட்சியில், முட்டையை எப்படிச் செய்யட்டும் என்று ரூத் கேட்கிறாள். கலக்கிப் பொரிக்காதே என்கிறான் வால்டர். அவள் கலக்கிப் பொரிக்க ஆரம்பிக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.