பாக்கி நிற்கும் சம்பளம்

அன்புள்ள அம்மா,

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் நடக்கும் ஒரு திட்டத்தில், சென்னையில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளராக, இருக்கிறேன். ஆறு மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால் ‘ஃபண்ட் ரிலீஸ் ஆகல’ என்கிறார்கள். வாடகைப்படியும் கிடையாதாம். ஊரில் அப்பா, “வேலைக்குத்தானே போறே, சம்பளம் ஏன் வரல?” என்கிறார். என்ன சொல்வது?
ச.

அன்புள்ள ச.,

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. நீங்கள் பார்ப்பது முழுநேர வேலை. ஆனால் தாளில் அதற்கு உதவித்தொகை என்று பெயர். சிக்கல் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அந்தத் துறை 2023 ஜூனில் போட்ட உத்தரவுப்படி, உங்களைப் போன்ற போஸ்ட்டாக்கின் பதவியான ஆர்.ஏ. (ரிசர்ச் அசோசியேட்) முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாய். உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700. உங்களுக்கு முந்நூறு ரூபாய் கூடுதல் போலத் தெரியும். ஆனால் அவருக்கு அகவிலைப்படி உண்டு, வருடாந்திர ஊதிய உயர்வு உண்டு. உங்களுக்கு இரண்டும் இல்லை. 2019இல் வைத்த 47,000 நான்கு வருடம் அசையவேயில்லை. அரிசி விலையும் வாடகையும் அப்படியா இருந்தன?

தொகையைவிட எனக்கு வலிப்பது, பணம் எப்போது வரும் என்றே தெரியாததுதான். முந்தைய தவணையின் செலவுக்கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த தவணை. கோப்பு ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டால், இங்கே வாடகை நிற்கிறது. போஸ்ட்டாக்காக இருந்தபோது ஒருமுறை எனக்கு ஏழு மாதப் பணம் மொத்தமாக வந்தது. அதுவரை, வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துவிட்டு உள்ளே போகட்டும் என்று மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஒரு நாளும் வாடகையைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

வாடகைப்படி கிடையாது என்பது தவறு. விடுதி அறை தராதபட்சத்தில், மத்திய அரசு விதிப்படி அது உங்களுக்கு உண்டு. சென்னையில் 2024 முதல் 30 விழுக்காடு, அதாவது 58,000க்கு 17,400 ரூபாய். உத்தரவின் நகலை வைத்து எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உடன் இருக்கும் ஆர்.ஏ.க்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தவணை வரும்வரை பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து முன்பணம் தந்து பிறகு ஈடுகட்டிக்கொள்ளட்டும் என்ற கோரிக்கையையும் அதிலேயே சேருங்கள். சேமிப்பே இல்லாதவரும் ஆராய்ச்சிக்கு வர வேண்டுமென்றால் இதைச் செய்தே ஆகவேண்டும்.

அப்பாவிடம், “சம்பளம்தான்ப்பா, ஆறு மாசம் பாக்கி நிக்குது” என்றே சொல்லுங்கள்.