வேர்ட்பிரஸ் தளத்துக்கு இலவசப் படிவச் செருகுநிரலை நம்பலாமா, சொந்தமாக நிரல் எழுதிக்கொள்வது பாதுகாப்பா?

உங்களுடையது மரச்சாமான் கடை. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், அவர் விரும்பும் கட்டிலின் படம் ஆகியவற்றைப் பெற ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இப்படிப் படிவம் சேர்க்க உதவும் ஆயத்த நிரல்களான செருகுநிரல்களில் பாதுகாப்பு ஓட்டை என்ற செய்தியைப் படித்துவிட்டு, கணினி படித்த உறவுக்காரப் பையனைக் கொண்டு சொந்தமாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். செருகுநிரல் இருக்கட்டும், நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தப் படம் ஏற்றும் கட்டத்தைப் பற்றித்தான்.

சொந்த நிரலின் இலட்சணம் எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்கு நானே தொடர்புப் படிவம் எழுதிக் கொடுத்தேன். மின்னஞ்சல் முகவரிக்கான கட்டத்தில் யாரோ முகவரிக்குப் பின்னால் ஒரு வரி முறிவைச் செருகி, அடுத்த வரியில் ஊர்பேர் தெரியாதவர்களின் முகவரிகளை மறைநகலாக அடுக்கி, என் படிவத்தையே குப்பை அஞ்சல் அனுப்பும் எந்திரமாக்கிவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் வரி முறிவு வரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எச்சரிக்கவும் ஆளில்லை, அந்த நிரலைக் கூர்ந்து பார்க்க உலகத்தில் திருடர்களைத் தவிர யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இனி, இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். 2021இல் நான் பராமரித்துவந்த ஒரு தனியார் கல்லூரியின் தளத்தில், ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் பயோடேட்டாவை ஏற்றுவதற்கு ஒரு படிவம் இருந்தது. ஒருநாள் காலையில் கல்லூரி மேலாளர் அழைத்தார். "தம்பி, நம்ம காலேஜ் பேரைப் போட்டுத் தேடினா சூதாட்டம் வருதுப்பா." நான் முகவரியைத் தட்டிப் பார்த்தேன்; முகப்பில் வழக்கம்போல முதல்வர் சிரித்துக்கொண்டிருந்தார். "சார், எனக்குச் சரியாத்தானே வருது" என்றேன். தேடுபொறி வழியாக வருபவர்களை மட்டும் சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, முகவரியை நேரடியாகத் தட்டும் என் போன்ற ஆட்களுக்கு ஒழுங்கான தளத்தையே காட்டும்படி, தளத்துக்குள் புகுந்த திருடர்கள் தங்கள் நிரலை எழுதியிருக்கிறார்கள் என்பது புரிய எனக்கு அரை நாள் ஆனது.

ஏற்றப்பட்ட கோப்புகள் சேரும் கோப்புறையைத் திறந்தபோது, வரிசையாக இருந்த பிடிஎஃப் கோப்புகளுக்கு நடுவில், பயோடேட்டா போலவே பெயரிடப்பட்டு, சர்வரில் இயங்கக்கூடிய நிரல் கோப்புகளுக்குரிய பிஎச்பி என்ற நீட்டிப்போடு நான்கு கிலோபைட் அளவில் ஒன்று மட்டும் தனியாக இருந்தது. உள்ளே ஒரே வரியில் பொருள் புரியாத எழுத்துக் குவியல். சர்வர் பதிவேட்டில், இரவு இரண்டே முக்காலுக்குப் படிவம் வழியாக அது ஏற்றப்பட்டதும், ஒன்பது நொடி கழித்து அதே கோப்பை யாரோ உலாவியில் திறந்து இயக்கியதும் அடுத்தடுத்த வரிகளாகப் பதிவாகியிருந்தன. அதை அழித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் சூதாட்டம் திரும்பி வந்தது. கட்டாயச் செருகுநிரல்களுக்கென்று வேர்ட்பிரஸில் தனிக் கோப்புறை ஒன்று உண்டு. அதில் கிடப்பவை தாமாகவே இயங்கும், நிர்வாகப் பக்கத்திலிருந்து அவற்றை நிறுத்த முடியாது, வழக்கமான பட்டியலிலும் அவை தென்படா. இரண்டாவது கோப்பு அங்கேதான் இருந்தது. போதாததற்கு, நான் உருவாக்காத நிர்வாகி கணக்கு ஒன்றும் இருந்தது.

ஓட்டை இருந்த அந்தப் படிவச் செருகுநிரலின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனெனில் குற்றம் என்னுடையது. ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. முந்தைய புதுப்பிப்பு ஒன்று படிவத்தின் பொத்தானை இடம் மாற்றிவிட்டது என்று கல்லூரியில் கடிந்துகொண்டதால், தானியங்கிப் புதுப்பிப்பை நானே அணைத்து வைத்திருந்தேன். 'பாதுகாப்புக்கென்று தனிச் செருகுநிரல் போட்டிருக்க வேண்டியதுதானே' என்று கருத்துப் பகுதியில் கேட்க வருபவர்களுக்கு: போட்டிருந்தேன், இலவசப் பதிப்பு. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் கேட்டால், 'தளத்தைத்தான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்களே, இன்னும் எதற்கு' என்பார்கள். பொத்தான் ஒரு அங்குலம் நகர்ந்தால் மட்டும் அடுத்த நிமிடம் அழைப்பு வரும். அது வேறு கதை.

ஏற்றப்படும் கோப்பு உண்மையிலேயே படந்தானா என்று சோதிப்பது கேட்க எளிதாகத் தோன்றும். கைதேர்ந்தவர்களும் அதில் வழுக்கியிருக்கிறார்கள். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற படிவச் செருகுநிரல், கோப்புப் பெயருக்குள் ஒளிந்து வரும் சிறப்பு எழுத்துகளைச் சரியாக வடிகட்டாததால், 2020 டிசம்பரில் 5.3.2 பதிப்பை அவசரமாக வெளியிட வேண்டியிருந்தது. நியாயமாகச் சொல்வதானால், அது கோப்புகளை யூகிக்க முடியாத பெயருள்ள கோப்புறையில் சிறிது நேரமே வைத்திருந்து, அஞ்சல் போனதும் அழித்துவிடுவதால், அந்த ஓட்டையைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. அதனோடு சேர்த்துப் பலரும் பயன்படுத்திய, கோப்புகளை இழுத்துப் போடும் துணைச் செருகுநிரல் ஒன்றின் கதை அப்படியல்ல: எந்த வகைக் கோப்புகளை ஏற்கலாம் என்ற பட்டியலையே அது உலாவியிடமிருந்து, அதாவது கோப்பை ஏற்றுபவர் நினைத்தால் மாற்றிவிடக்கூடிய இடத்திலிருந்து, வாங்கிக்கொண்டது. பிஎச்பி என்ற நீட்டிப்புக்குப் பின்னால் ஒரு விழுக்காட்டுக் குறியை ஒட்டினால் சோதனையில் தப்பிவிடும். பிறகு பெயரைச் சுத்தம் செய்யும் கட்டத்தில் அந்தக் குறி மட்டும் உதிர்ந்து, அசல் பிஎச்பி கோப்பு சர்வரில் உட்கார்ந்துவிடும். ஃபார்மினேட்டர் என்ற இன்னொரு படிவச் செருகுநிரலில் 2023இல் தெரியவந்த கோளாறோ இன்னும் வேடிக்கையானது. கோப்பைச் சேமித்த பிறகுதான் அதன் வகையைச் சோதித்திருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்பவர்கள், கட்டணச் செருகுநிரலான கிராவிட்டி ஃபார்ம்ஸுக்கு 2025 ஜூலையில் நடந்ததைப் பார்க்கலாம். அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே கைமுறையாகப் பதிவிறக்கும் கோப்புகளில் திருட்டுத்தனமாகத் தளத்துக்குள் புக வழிவிடும் பின்கதவு நிரலை நுழைத்துவிட்டார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகப் பெற்றவர்கள் தப்பித்தார்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 ஜூனில் ஒரு காலை, நான் கை வைக்காமலேயே இரண்டு வாடிக்கையாளர் தளங்களில் நிஞ்சா ஃபார்ம்ஸ் என்ற படிவச் செருகுநிரல் 3.6.11 பதிப்பாக மாறியிருந்தது. மறுபடியும் புகுந்துவிட்டார்கள் என்று கை நடுங்க, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி முடித்த பிறகுதான், கடுமையான ஓட்டை ஒன்றை அடைக்க வேர்ட்பிரஸ் தரப்பே அதைக் கட்டாயமாகப் புதுப்பித்திருக்கிறது என்ற செய்தியைப் படித்தேன். அனுமதி கேட்காமல் செய்தது சரியா என்று அப்போது பலர் சண்டை போட்டார்கள். நான் போடவில்லை.

ஆகவே, உங்கள் செருகுநிரலை வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள். பயன்படுத்தாத செருகுநிரல்களை முடக்கி வைப்பதோடு நில்லாமல் அழித்துவிடுங்கள், ஏனெனில் முடக்கியதன் கோப்புகளும் சர்வரில் கிடக்கத்தான் செய்யும். படங்கள் சேரும் கோப்புறையில் பிஎச்பி இயங்கக் கூடாது என்ற விதியைப் போடும்படி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் அப்பாச்சியா என்ஜின்எக்ஸா என்பதைப் பொறுத்து அதை எழுதும் இடம் மாறும். எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டில் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு, அந்த ஏற்றும் கட்டத்தையே எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். கல்லூரியில் அப்படித்தான் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை மட்டும் போட்டேன். பயோடேட்டாக்கள் குவிந்து அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது என்று மேலாளர் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை அழைக்கிறார்.