டி.என்.ஏ. படிப்பதில் கிராஃப் தியரிக்கு என்ன வேலை?
நிறையவே உண்டு. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்தான் கிராஃப் தியரி. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் நீண்ட வரிசை; கருவி அதை ஒரே மூச்சில் படிக்காது, துண்டு துண்டாகத்தான் தரும். அவற்றை ஒட்டுவதுதான் பெரும்பாடு. ஏடிஜி, டிஜிஜி, ஜிஜிசி என மூன்று துண்டுகள் கிடைத்ததாக வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு கோடாக்கி, அதன் முதல் இரண்டு எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் புள்ளிகளாக்கினால் ஏடி, டிஜி, ஜிஜி, ஜிசி என்று பாதை தானாக விழும்: ஏடிஜிஜிசி. துண்டுகளையே புள்ளிகளாக்கி, எல்லாப் புள்ளியையும் ஒருமுறை மட்டும் தொடும் வழியைத் தேடினால் லட்சக்கணக்கான துண்டுகளில் கணினி திணறிவிடும்; எல்லாக் கோடுகளையும் ஒருமுறை மட்டும் கடக்கும் வழியோ, கோனிக்ஸ்பெர்க் நகரின் பாலங்கள் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து வர முடியுமா என்று 1736இல் கணித மேதை ஆய்லர் போட்ட அதே கணக்கு, சட்டென்று கிடைத்துவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், 2023இல் வந்த மனிதப் பான்ஜீனோம் வரைவு 47 பேரின் மரபுத்தொகுதிகளை (முழு டி.என்.ஏ. வரிசைகளை) ஒரே கிராஃபாகக் கோத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடத்தில் பாதை பிரிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி சேர்ந்துகொள்ளும்.