மாமாவின் கோபம்

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. கிளிமிபிரைடு மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலாலும் சாப்பிடுகிறார். ஒரு மாதமாக மாலை ஆறு மணி ஆனால் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார். போன வாரம் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்; "நீ யாரும்மா?" என்று என்னையே கேட்டார். முதுகெல்லாம் வியர்வை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை, எப்படி லோ சுகராகும்?" என்கிறார். இது வயதின் மறதியா?
- ஒரு வாசகி

பதில்: மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. சர்க்கரைத் தண்ணீருக்கு மறதி தெளியாது. நீங்கள் யோசிக்காமல் அதைக் கொடுத்தது எவ்வளவு நல்ல காரியம் தெரியுமா!

மூளை பெரும்பாலும் குளுக்கோஸை நம்பித்தான் ஓடுகிறது. அது குறைந்தால் முதலில் நிதானம் போகும், பிறகு நினைவு தடுமாறும். உங்கள் மாமாவை அப்படிக் கோபப்பட வைப்பது சர்க்கரைக் குறைவாகத்தான் இருக்கும். படபடப்பு ஏன் இல்லை என்றால், அட்டெனோலால் அதையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. அதனால் அவர் விஷயத்தில் நனைந்த சட்டைதான் எச்சரிக்கை மணி.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு பெரியவரைப் பக்கவாதம் என்று தூக்கி வந்தார்கள். ஒரு பக்கக் கை, கால் அசையவில்லை, பேச்சு இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38 மி.கி.தான். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி முழுதாக இறங்குவதற்குள் கண் திறந்து, செருப்பு எங்கே என்று தேடினார். அன்றிலிருந்து யார் குழம்பிப் பேசினாலும் என் கை முதலில் குளுக்கோமீட்டரைத்தான் தேடும்.

நீங்களும் அதையே செய்யுங்கள். அடுத்த முறை அவர் கத்தினால் பதில் பேசாமல் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். 54-க்குக் கீழே என்றால் அது ஆபத்தான இறக்கம். கருவி கையில் இல்லையா, சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள். ஆனால் நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தெளிந்துவிட்டார், சரி என்று விட்டுவிடவும் கூடாது. கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும்; ஏறிய சர்க்கரை இரவில் மறுபடி இறங்கலாம். உடனே சாப்பாடு கொடுங்கள், படுக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இத்தனை காலம் ஒத்துப்போன மாத்திரை இப்போது ஏன் இறக்குகிறது என்பது. சாப்பாடு குறைந்திருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்து, மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். இந்த வாரமே, நேரமும் அளவும் எழுதிய தாளோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்த வயதில் சர்க்கரைக் கட்டுப்பாட்டை மருத்துவர் கொஞ்சம் தளர்த்துவது தவறே இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அதற்குள் மறுபடி இறங்கினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: லோ சுகருக்குச் சாக்லேட் போதாதா?
- இன்னொரு வாசகர்

பதில்: போதாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியே இருக்கட்டும்.